நாயை ஆர் பிடிப்பினம்?

இரவு பத்து மணிக்கு மேல் என் தொலைபேசி அடித்தால் அது அநேகமாக நாய் விஷயமாகத்தான் இருக்கும். மாட்டுக்காரர் விடியப்புறத்தில் அழைப்பார்கள். கன்று போட முடியாமல் பசு அவதிப்படுகிற நேரம் அது. ஆடு வளர்ப்பவர்கள் அழைப்பதே குறைவு. ஆட்டைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு நேரே படலைக்கு வந்துவிடுவார்கள். நாயின் வருத்தம் மட்டும் இரவில்தான் தெரியவரும். பகல் முழுக்கப் பின்வளவில் கட்டிக் கிடக்கிற நாயை, எல்லோரும் வேலை முடிந்து வந்து, சோற்றுக் கோப்பையோடு கிட்டப் போகிறபோதுதான் வீட்டார் உற்றுப் பார்க்கிறார்கள்.

"டொக்டர், நாய் சத்தி எடுத்துக்கொண்டு கிடக்கு. எழும்புதில்லை. ஒருக்காக் கெதியா வாங்கோ."

மறுமுனையில் யார் இருந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "நாயை ஆர் பிடிப்பினம்?"

பேச்சு அங்கே நின்றுவிடும். பிறகு மெல்லச் சொல்வார்கள்: "அது ஒருதரையும் கிட்ட விடாது டொக்டர். இவர்தான் சாப்பாடு வைக்கிறவர். இவர் கொழும்புக்குப் போட்டார்."

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மிருக வைத்தியராக வேலை செய்த இத்தனை வருடங்களில், மருந்து இல்லாமல் செத்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். வாகனம் இல்லாமல் செத்ததையும் பார்த்திருக்கிறேன். பிடிக்க ஆள் இல்லாமல் நேரம் போய்ச் செத்தவைதான் அவற்றிலும் அதிகம். எங்கள் பக்கத்தில் நாய் வளவுக்குக் காவல். அந்நியரை அண்ட விடாத நாய்தான் நல்ல நாய் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதனால் ஒரு நாய்க்கு ஓர் ஆள் என்று வீட்டில் பழக்கம் வந்துவிடுகிறது. அந்த ஆள் வீட்டில் இல்லாத இரவில் நாய்க்கு ஏதாவது வந்தால், கிணற்றடியில் நாலு பேர் விளக்கோடு நிற்பார்கள், நாய் உறுமும், ஒருவரும் கிட்டப் போகமாட்டார்கள்.

ஆபத்துக்கு முன்னேற்பாடாக என்ன வாங்கி வைக்க வேண்டும் என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி, பெட்டியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முதல், வீட்டில் இரண்டாவது ஒருவரும் மூன்றாவது ஒருவரும் அந்த நாயைத் தொடப் பழக வேண்டும். தலையைத் தடவுவதைச் சொல்லவில்லை. நாய் நல்ல சுகமாக இருக்கிற நாளில் காதை மடித்துப் பார்க்க வேண்டும்; கால் விரல்களுக்கு நடுவே உண்ணி தேட வேண்டும்; வாலைத் தூக்க வேண்டும்; மேலுதட்டை விலக்கி முரசைப் பார்க்க வேண்டும்; வாயைத் திறந்து உள்ளே ஒரு துண்டு மீனை வைக்க வேண்டும். வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி இறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஏதாவது தின்னக் கொடுத்தால் நாய் அதை விரும்பிக் காத்திருக்கும். குட்டியில் தொடங்கினால் கிழமைக் கணக்கில் முடிந்துவிடும் வேலை. வளர்ந்த ஊர் நாய்க்கு மாதங்கள் எடுக்கும், ஆனாலும் பழகும்.

வாய்க்கட்டும் அப்படியே. பழைய சாரத்தில் இருந்து மூன்று விரல் அகலத்துக்கு ஒரு நீளத் துண்டைக் கிழித்து எடுங்கள். நடுவில் ஒரு சுருக்கு வளையம் போட்டு, நாயின் மூஞ்சியில் மாட்டி மேலே இறுக்கி, நுனிகளைத் தாடைக்குக் கீழே ஒருமுறை குறுக்காக எடுத்து, காதுகளுக்குப் பின்னால் அவிழ்க்கக்கூடிய முடிச்சாகக் கட்ட வேண்டும். நோவில் இருக்கிற நாய் தன் எசமானையும் கடிக்கும். அதற்குக் கோபம் இல்லை, நோதான். சுகமாக இருக்கும்போது இந்தக் கட்டுக்குப் பழகிய நாய், ஆபத்தில் அதைப் போட்டவுடன் தலையைக் குனிந்து அடங்குவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். சத்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சு வாங்குகிற நாய்க்கும் பக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்க்கும் வாயைக் கட்டக்கூடாது. அவற்றின் கழுத்தைச் சுற்றித் தடித்த துவாயைச் சுருட்டி வைத்து ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கை பழகினால் இன்னொரு பலனும் உண்டு. சுகமான நாய் எப்படி இருக்கும் என்று வீட்டாருக்குத் தெரிந்துவிடும். முரசு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அமத்தி விட்டால் வெளிறிய இடம் இரண்டு செக்கனுக்குள் திரும்பச் சிவக்கும். தூங்குகிற நாய் நிமிடத்துக்கு 10 முதல் 30 தடவை மூச்சு விடும். உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ், மனிதரைவிடக் கூட. அதனால்தான் சுகமான நாயைத் தொட்டுவிட்டுக் காய்ச்சல் என்று சொல்கிறார்கள். தன் நாயின் முரசு நிறம் தெரிந்த ஒருவர் தொலைபேசியில் "வெள்ளையாப் போச்சு டொக்டர்" என்று சொன்னால், நான் வேறொன்றும் கேட்காமல் இரத்தம் எங்கே போகிறது என்று தேடத் தயாராகிவிடுவேன். "ஒரு மாதிரிக் கிடக்கு" என்பதை வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

நாயைப் பல கைகளுக்குப் பழக்க வேண்டும் என்ற இந்தக் கருத்து எனக்குப் புத்தகத்தில் இருந்து வரவில்லை. பேராதனையில் எங்களுக்கு மயக்க மருந்தும் சத்திரசிகிச்சையும் படிப்பித்தார்கள். இதை 1995 படிப்பித்தது. அந்த ஒக்டோபர் 30 ஆம் திகதி மாலை, வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். மழை. சுமார் 5 இலட்சம் சனம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போக ஒரே வீதியில் இறங்கியது. பிள்ளைகளையும் கிழவர்களையும் கொண்டுபோவதே பெரும்பாடாக இருந்த இரவில், நாயைக் கூட்டிப்போக முடியவில்லை என்று நான் ஒருவரையும் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவிழ்த்து விடுவதற்கும் முடியாமல் போன வீடுகள் இருந்தன. நாய்க்குச் சாப்பாடு வைக்கிறவர் அந்த நேரம் வீட்டில் இல்லை. இருந்தவர்களை அது கிட்ட விடவில்லை. சங்கிலியைக் கதியாலோடு கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருந்தார்கள். இருட்டில் குறடு தேட நேரமில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குப் பிறகு சனம் திரும்பி வந்தபோது, அவிழ்த்துவிட்ட நாய்களில் சில எலும்பும் தோலுமாகத் தங்கள் படலைகளில் நின்றன. கட்டி இருந்த நாய்களின் சங்கிலிகளையும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் சங்கிலி எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்க்கிறேன். பத்து வயதுப் பிள்ளையால் இருட்டில் ஒரு கையால் கழற்றக்கூடிய கொக்கி இருக்க வேண்டும். வெள்ளத்துக்கும் அதுதான், நெருப்புக்கும் அதுதான். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் தாழ்ந்த ஒழுங்கைகள் எல்லாம் நிரம்பியபோது, கொக்கி இருந்த வீடுகளில் நாய் திண்ணையில் நின்றது.

பொருள் இல்லாமல் வேலை செய்வதும் அந்தப் போர்க்காலத்தில்தான் பழகியது. மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில் புண் தைத்தோம். மோட்டார்சைக்கிளைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சவுக்காரமும் பற்றரியும்கூடத் தட்டுப்பாடு. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதியை மூடியபோது அது திரும்ப வந்தது. 2022 இல் பெற்றோல் வரிசையிலும் பதின்மூன்று மணிநேர மின்வெட்டிலும் இளைய மிருக வைத்தியர்கள் திகைத்து நின்றபோது எங்களுக்கு அது புதிதாக இருக்கவில்லை. அந்த மாதங்களில் நாய்களைச் சைக்கிள் கரியரில் கடகம் கட்டி அதில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கடகத்துக்குள் அடங்கி இருந்தவை கை பழகிய நாய்கள்தான். மற்றவை வழியில் குதித்து ஓடின.

இனி, எங்கள் மண்ணில் நாய்க்கு எதனால் ஆபத்து வரும் என்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்கள் நாய்க்கு ஆகாத பொருள்கள் என்று எழுதுகிறவற்றை எடுத்துப் பார்த்தால் அது யாழ்ப்பாணத்துத் தோட்டப் பயிர்களின் பட்டியல் போலவே இருக்கும். சின்ன வெங்காயம் முதலில். நாயின் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனால், பச்சையோ அவித்ததோ, சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். உடனே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து முரசு வெளிறும், சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும். அப்போது வீட்டார் உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். உண்ணிக் காய்ச்சலும் எங்களிடம் நிறைய இருப்பதால் அந்த நினைப்பைப் பிழை சொல்ல முடியாது. வெங்காயம் பிடுங்கி, கட்டி, மாலில் தொங்கவிடுகிற காலத்தில் குட்டி நாய் அதை விளையாட்டாகச் சப்பும். அந்தக் காலத்தில் மாலுக்குள் குட்டியைக் கட்டவேண்டாம்.

புகையிலை அடுத்தது. உணர்த்தப் போட்ட இலையைக் கடித்த நாய் ஒரு மணித்தியாலத்துக்குள் வாயூறிச் சத்தி எடுக்கும், உடல் நடுங்கும். மூன்றாவது முந்திரிகை, அதாவது திராட்சை. உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத் தோட்டங்களில் கொடிக்குக் கீழே விழுந்த பழத்தை நாய் தின்பதைப் பார்த்து ஒருவரும் பயப்படுவதில்லை. சில நாய்க்கு ஒன்றும் ஆகாது. சில நாய்க்குச் சில பழங்களே போதும், ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகம் நின்றுவிடும். எந்த நாய்க்கு ஆகும், எதற்கு ஆகாது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தார்த்தாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று அண்மை ஆண்டுகளில் கருதுகிறார்கள். அதே அமிலம் புளியிலும் நிறைய உண்டு. ஆகவே கரைத்த புளியும் புளிக்கட்டியும் நாய் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பயிரைவிடப் பயிருக்கு அடிக்கிற மருந்து கெட்டது. பூச்சிநாசினி பட்ட நாயின் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், வாயால் நீர் வழியும், மலமும் சிறுநீரும் தானாகப் போகும், தசைகள் துடிக்கும். மாற்று மருந்தாக அற்றோப்பீன் ஊசி இருக்கிறது, நேரத்துக்கு வந்தால் நாய் பிழைக்கும். உடம்பில் பட்டிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு சவுக்காரத்தால் கழுவுங்கள். எலி மருந்தில் இரண்டு வகையைக் கவனிக்க வேண்டும். ஒன்று சிங்க் பொஸ்பைட், வயிற்று அமிலத்தோடு சேர்ந்து நச்சு வாயுவாகும். அதைத் தின்ற நாய்க்குச் சோறு கொடுத்தால் அமிலம் கூடி நிலைமை இன்னும் மோசமாகும். மற்றது இரத்தம் உறையாமல் செய்கிற வகை. அதைத் தின்ற நாய் மூன்று நாலு நாள் சுகமாகத் திரிந்துவிட்டுத்தான் இரத்தம் கக்கும். வைற்றமின் கே1 கிழமைக் கணக்கில் கொடுக்க வேண்டும். எதைத் தின்றது என்று தெரியாமல் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். ஆகவே நாயோடு சேர்த்து அந்த வெறும் போத்தலையும் கிழிந்த பக்கற்றையும் கொண்டுவாருங்கள். குப்பைக் கிடங்கில் இருந்து பொறுக்கியாவது கொண்டுவாருங்கள்.

உப்புக் கரைத்து ஊற்றிச் சத்தி எடுக்க வைக்கிற பழக்கம் ஊரில் இருக்கிறது. தயவு செய்து அதை விடுங்கள். உப்பே நாயைக் கொல்லும். மண்ணெண்ணெய் குடித்த நாயையோ வலிப்பு வருகிற நாயையோ எந்த வழியாலும் சத்தி எடுக்க வைக்கக்கூடாது. காய்ச்சல் என்று பனடோல் கொடுப்பதும் அப்படியே. மனிதருக்கு அளவான குளிசை நாய்க்கு ஈரலைக் கெடுக்கும். பூனைக்கு ஒரு குளிசை போதும் சாக.

கோடை விடுமுறைக்குக் கனடாவில் இருந்தும் சுவிசில் இருந்தும் பிள்ளைகள் வருகிற மாதங்களில் வேறொரு வகை அழைப்பு வரும். சூட்கேசைத் திறந்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருப்பார்கள். நாய் கறுப்புச் சொக்லேட்டை உறையோடு தின்றிருக்கும். அதைவிடச் சீனி இல்லாத சுவிங்கம் எனக்குக் கூடுதல் பயம். அதில் சேர்க்கிற சைலிற்றோல் அரை மணித்தியாலத்தில் நாயின் இரத்தச் சீனியை இறக்கிவிடும். தள்ளாடுகிற நாயின் முரசில் தேன் பூசிக்கொண்டு ஓட்டோவில் ஏற்றுங்கள் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுவேன். அதற்கும் வாயைத் தொட விடுகிற நாய் வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டிலுக்குக் கீழே கட்டின நாய் இளைத்து இளைத்து விழுந்தால் அது சூட்டு அடி. கிணற்று நீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள், பனிக்கட்டி வேண்டாம். வெப்பம் 39.5 பாகைக்கு இறங்கியதும் நிறுத்துங்கள். இப்போது எங்கள் ஊருக்குள் ஹஸ்கி நாயைக் கொண்டுவந்து வளர்க்கிறார்கள். அந்த நாயைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் கலங்குகிறது. அல்சேசன் மாதிரி நெஞ்சு ஆழமான நாய் பெருஞ்சோறு தின்ற பின் வயிறு ஊதி, சத்தி எடுக்கப் பார்த்து ஒன்றும் வராமல் தவித்தால் இரைப்பை முறுகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். விடியட்டும் என்று இருக்க முடியாத வருத்தம் அது.

கிணற்றுக்குள் விழுந்த நாயைப் பற்றி வெளியூர்க்காரர் எழுதமாட்டார்கள். கட்டு இடிந்த தோட்டக் கிணறுகள் எங்களுக்கு ஊரெல்லாம். ஆள் இறங்க வேண்டாம். கடகத்தையோ பெரிய பிளாஸ்ரிக் கூடையையோ நாலு மூலையிலும் கயிறு கட்டி இறக்கினால், கூடையில் ஏறிப் பழகிய நாய் தானே ஏறும். ஏற்றிய பிறகு நன்றாகத் துடைத்து, மூச்சில் கரகரப்பு இருக்கிறதா என்று அடுத்த நாளும் கேளுங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் பிந்தித்தான் வேலை காட்டும்.

பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும்? நீளமான சுற்றுத்துணிகள், பஞ்சு, ஒட்டும் பிளாஸ்ரர், மொட்டை முனைக் கத்தரிக்கோல், உடல் வெப்பமானி, கையுறை, ஊசி கழற்றிய சிறிஞ்ச் ஒன்று, இரண்டு பக்கற் ஜீவனி, அந்த வாய்க்கட்டுத் துணி, ஒரு ரோர்ச் லைற். அவ்வளவு போதும். அதன் மூடியில் நாயின் நிறையை எழுதி ஒட்டுங்கள். மருந்து எல்லாம் கிலோக் கணக்கில்தான். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, பிறகு தனியே நின்று கழித்தால் நிறை வந்துவிடும். பெரிய நாயை வெங்காயம் நிறுக்கிற தராசில் நிறுத்தியிருக்கிறார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கழுவிய உரச் சாக்கு. வாகனம் அடித்த நாயைத் தூக்க அதைவிட நல்ல பொருள் இல்லை. நாயைச் சாக்குக்கு மேல் வழுக்கி எடுத்து, இரண்டு பேர் மூலைகளைப் பிடித்துத் தூக்கினால் முள்ளந்தண்டு அசையாது. பகல் வேளையில் ஓட்டோக்காரத் தம்பியிடம் போய், "இரவில நாயை ஏத்துவியோ?" என்று கேட்டு வையுங்கள். நாயை ஏற்றமாட்டேன் என்கிற தம்பிமாரும் இருக்கிறார்கள். அது ஆபத்து நேரத்தில் தெரியவரக்கூடாது.

தடுப்பூசி அட்டையும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். நோவில் நாய் கடித்துவிட்டால், காயத்தை ஓடுகிற தண்ணீரில் சவுக்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆசுபத்திரிக்குப் போகிறவரின் கையில் அந்த அட்டை இருந்தால், அங்கே வைத்தியர் முடிவெடுப்பது எளிது. நாயையும் 14 நாள் கண்காணிக்க வேண்டும். 1973 இல் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர் நோயால் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போடப்போட அது ஆண்டுக்குச் சில பத்துப் பேராகக் குறைந்திருக்கிறது. ஊசி போடாத நாய் வாயால் நுரை தள்ளி, தாடை தொங்கிக் கிடந்தால் தொண்டையில் எலும்பு என்று நினைத்து உள்ளே கை விடாதீர்கள். ஓர் அறையில் அடைத்துவிட்டு எங்களை அழையுங்கள்.

தீவுகளில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் இரட்டிப்பாக வேண்டும். நெடுந்தீவில் மாலையில் நாய்க்கு வருத்தம் வந்தால், அடுத்த நாள் குறிகட்டுவானுக்குப் படகு வரும் வரைக்கும் தொலைபேசியில் நான் சொல்வதைச் செய்ய அங்கே ஒரு கை வேண்டும். சிறிஞ்சால் கன்னத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஜீவனி விட்டு விடியும்வரை ஒரு குட்டியைக் காப்பாற்றிய தாய்மாரை எனக்குத் தெரியும்.

வீட்டார் பேசத் தயங்குகிற விஷயம் ஒன்று உண்டு. குடாநாட்டில் பல வீடுகளில் இப்போது இருப்பது அறுபது, எழுபது தாண்டிய தாயும் தகப்பனும். பிள்ளைகள் வெளியில். காவலுக்கென்று பெரிய சாதி நாய் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். முப்பத்தைந்து கிலோ நாயை இவர்களால் தூக்க முடியாது. சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் சொல்லவும் துணிவு வராது. நாய் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது ரொறன்ரோவுக்கு அழைப்பார்கள். அங்கே பகல், மகன் வேலையில் இருப்பார். அழைப்பு எடுபடாது. எவ்வளவு செலவு வரை போகலாம், இங்கே முடியாவிட்டால் 300 கிலோமீற்றருக்கும் மேலே தள்ளியிருக்கிற பேராதனைக்குக் கொண்டுபோவதா, யார் சொல்வது கடைசிச் சொல் என்பதை நாய் சுகமாக இருக்கும்போதே பேசி முடிக்க வேண்டும். அந்தப் பேச்சில் இறுதி ஊசியும் வர வேண்டும். நாய் வைரவரின் வாகனம். வளவு மூலையில் சூலம் நாட்டி விளக்கு வைக்கிற வீட்டில் அதைப் பேசுவது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். நானும் வைரவருக்கு வடைமாலை சாத்துகிற வீட்டில் வளர்ந்தவன். ஆனாலும் முள்ளந்தண்டு அறுந்து, மீளாது என்று தெளிவாகத் தெரிந்த நாயை மூன்று நாள் அழவிட்டு, பிறகு மகன் லீவு எடுத்துப் பேசுகிறபோது ஊசி போடச் சொல்வதில் எந்தப் புண்ணியமும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

கோப்பாய்ப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர் அம்மாவுக்கு இதை நான் தடுப்பூசி போடப் போன நாளில் சொன்னேன். கணவருக்கு முழங்கால் வருத்தம், பிள்ளைகள் மூவரும் லண்டனில். நாயின் பெயர் வீரன், அவரைத் தவிர ஒருவரையும் நெருங்க விடாது. "அப்ப நான் ஏலாமல் கிடந்தால்?" என்று அவரே கேட்டார். அடுத்த வீட்டில் ஏ.எல். படிக்கிற பிள்ளையை அழைத்துப் பின்னேரங்களில் வீரனுக்குச் சோறு வைக்கச் சொன்னார். பிறகு காதைப் பார்க்க, பிறகு வாயைக் கட்ட. எல்லாவற்றையும் பாடத்திட்டம் போல ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார்.

கார்த்திகை மழைக்குப் பின் ஓர் இரவு அந்தப் பிள்ளைதான் அழைத்தாள். வீரன் காய்ந்த பனையோலைக் குவியலுக்குள் தலையை விட்டிருக்கிறது, மூஞ்சி வீங்குகிறது, முரசு ஓரத்தில் இரத்தம் கசிகிறது. குடாநாட்டில் நாகமும் எட்டடி விரியனும் உண்டு, மணற்பாங்கான இடங்களில் சுருட்டை உண்டு. ஆனால் இப்படி வேகமாக வீங்கி இரத்தம் கசிந்தால் கண்ணாடிப் புடையனைத்தான் முதலில் நினைக்க வேண்டும். "கழுத்துப் பட்டியைக் கழட்டு பிள்ளை. ஒண்டும் கட்டாதை, வெட்டாதை. பாம்பைத் தேடாதை. நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வாங்கோ" என்றேன். வீக்கம் கழுத்துக்கு இறங்கும்போது பட்டி மூச்சை இறுக்கும்.

ஓட்டோக்காரத் தம்பியும் அவளுமாகச் சாக்கில் தூக்கி வந்தார்கள். ரீச்சர் நிறையை எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்தேன். சாய்த்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது. உறைகிற தன்மையே போய்விட்டது. பாம்பு விஷ முறிவு மருந்து எங்களுக்கு இந்தியாவில் இருந்து வருகிறது, நாலு வகைப் பாம்புக்கும் ஒன்றாக. விலை கூட, எப்போதும் கையில் இருப்பதும் இல்லை. அன்று குப்பிகள் இருந்தன. நாய் சின்னது என்று அளவைக் குறைக்க முடியாது; பாம்பு விட்ட நஞ்சைத்தான் முறிக்க வேண்டும். செலவை ரீச்சரிடம் சொன்னேன். "அது கதைச்சு வைச்சாச்சு டொக்டர், நீங்கள் போடுங்கோ" என்றார். மருந்து ஒவ்வாமல் போனால் கொடுக்க அட்ரினலினை எடுத்து வைத்துக்கொண்டு சேலைனில் மெல்ல ஏற்றினோம். முழு நேரமும் அந்தப் பிள்ளை வீரனின் தலையை மடியில் வைத்திருந்தாள். ஒரு தடவையாவது அது பல்லைக் காட்டவில்லை.

ஆறு மணித்தியாலம் கழித்து எடுத்த இரத்தம் குழாயில் உறைந்து நின்றது. சிறுநீரகத்துக்காகச் சில நாள் வைத்துப் பார்த்தோம். சிறுநீர் சிவந்து போய்ப் பிறகு தெளிந்தது. மூக்கின் ஒரு பக்கத்துத் தோல் கறுத்து உரிந்தது, அதுவும் ஆறியது.

இப்போது அந்த ஒழுங்கையில் ஒரு வீட்டு நாயை இன்னொரு வீட்டார் ஞாயிற்றுக்கிழமைகளில் பிடித்து, காது பார்த்து, வாயைக் கட்டி அவிழ்க்கிறார்கள். ரீச்சரின் கொப்பியைப் பார்த்து எழுதிய பிரதி ஒன்று உரும்பிராயில் உள்ள அவருடைய தங்கையிடமும் இருக்கிறது. வருகிற தடுப்பூசி நாளில் தங்கள் ஒழுங்கைக்கும் கொஞ்சம் நேரத்தோடு வரும்படி அவர்கள் கேட்டிருக்கிறார்கள். வாய்க்கட்டுத் துணிகளைக் கிழித்து வைத்திருப்பதாகவும் சொன்னார்கள்.